பழைய கோவா: தேவாலயத்தோடு மடத்தையும் சேர்த்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

பழைய கோவாவுக்கு வரும் சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் இருக்கும் வெள்ளிப் பேழையைத் தொலைவிலிருந்து எட்டிப் பார்த்து, எதிரில் இருக்கும் பேராலயத்தின் முன் படம் எடுத்துக்கொண்டால் நேரம் முடிந்துவிடும். அப்படிப் பார்ப்பவர்கள் தவறவிடுவது மடங்களை. இங்குள்ள பெரிய தேவாலயங்களில் பலவும் ஏதோ ஒரு துறவு சபையின் மடத்தை ஒட்டி எழுந்தவை. துறவிகள் தங்கியது, படித்தது, நோயில் கிடந்தது, அடக்கமானது எல்லாம் அந்தச் சுவர்களுக்குள்தான். பீடத்தின் பொன் வேலைப்பாட்டை மட்டும் பார்த்துவிட்டு மடத்து முற்றத்தை மிதிக்காமல் திரும்பினால் பாதி இடத்தைத்தான் பார்த்திருப்பீர்கள்.

முதல் முறை போகிறவர்கள் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். முடியாவிட்டால் காலை 9 முதல் பிற்பகல் 1 வரையாவது வேண்டும்.

எந்த நாள், எந்த மாதம்

வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். பிரான்சிஸ் அசிசி மடத்தில் இயங்கும் இந்தியத் தொல்லியல் துறை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. மடத்தின் உட்புறத்தைப் பார்க்க அந்த அருங்காட்சியகம்தான் வழி. ஞாயிறு காலை, சவேரியாரின் பேழை இருக்கும் போம் ஜேசு பசிலிக்காவில் திருப்பலிகள் நடக்கும். சுற்றிப் பார்ப்பவர்களைப் பத்தரை மணிவாக்கில்தான் உள்ளே விடுவார்கள். திருப்பலியில் பங்கெடுக்க விரும்புபவர்களுக்கு ஞாயிறு நல்ல நாள். கட்டடத்தைப் பார்க்க வருபவர்களுக்குச் செவ்வாய், புதன், வியாழன் மூன்றும் வசதி.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும். ஜூனில் தொடங்கிச் செப்டம்பர் வரை கோவாவின் மழை நம் ஊர் மழையைப் போலிருக்காது, நாள் முழுக்க விடாமல் கொட்டும். அந்த மாதங்களில் வருவதில் தவறில்லை. கட்டடங்களின் செம்புரைக்கல் நனைந்து அடர் சிவப்பாக மாறுவதைப் பார்க்க அதுதான் காலம். ஆனால் குன்றின் மேலுள்ள இடிபாடுகளில் பாசி பிடித்திருக்கும், வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்பு கட்டாயம்.

போய்ச் சேர

பணஜியின் கதம்பா பேருந்து நிலையத்திலிருந்து பழைய கோவா ஏறத்தாழ 10 கிலோமீட்டர். பேருந்துகள் அடிக்கடி உண்டு, நடத்துநரிடம் 'ஓல்ட் கோவா' என்றால் போதும். ரிபந்தர் வழியாகப் போகும் வண்டியாகக் கேட்டு ஏறுங்கள். மாண்டவி ஆற்றை ஒட்டிய அந்தப் பாதை 1630களில் போர்ச்சுகீசியர் சதுப்பின் மேல் போட்ட நீண்ட கல் பாலத்தின் வழியே போகிறது. காந்தி வட்டத்தில் இறங்கினால் ஒரு பக்கம் போம் ஜேசு, மறுபக்கம் சே பேராலயம்.

ரயிலில் வருபவர்களுக்கு மிக அருகில் உள்ள நிலையம் கர்மலி. சில கிலோமீட்டர்தான், ஆனால் எல்லா வண்டியும் அங்கே நிற்காது. நெல்லை, நாகர்கோவில் பக்கமிருந்து கொங்கண் பாதையில் வருபவர்கள் பெரும்பாலும் மட்காவில் இறங்க வேண்டியிருக்கும். அங்கிருந்து பழைய கோவா 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வேளாங்கண்ணிக்கும் வாஸ்கோவுக்கும் இடையே வாராந்திர ரயிலும் ஓடுகிறது. கிளம்பும் முன் அட்டவணையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் வேண்டியவை

தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை. கடற்கரையிலிருந்து அரைக்கால் சட்டையோடு நேராக வருபவர்கள் வாசலில் தடுக்கப்படுவது இங்கே வழக்கமான காட்சி. பையில் ஒரு பருத்தித் துண்டோ துப்பட்டாவோ இருந்தால் சிக்கல் தீர்ந்தது. ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, அருங்காட்சியக நுழைவுச் சீட்டுக்குச் சில்லறை. தேவாலயங்களுக்குக் கட்டணம் இல்லை.

இவற்றைவிட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும்: சிறிய தொலைநோக்கி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சாதாரணக் கருவி போதும். பரோக் என்னும் அலங்காரம் மிகுந்த ஐரோப்பியக் கலைப் பாணியின் நுட்பமான வேலைகள் எல்லாம் தலைக்கு வெகு மேலே இருக்கின்றன. சவேரியாரின் பேழையும் உயரத்தில்தான் இருக்கிறது. கைப்பேசி கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த மங்கலான வெளிச்சத்தில் புள்ளிபுள்ளியாகத்தான் தெரியும்.

முதலில் போம் ஜேசுவின் உள்ளே

போம் ஜேசுவின் முகப்பு மேற்கு நோக்கியது. காலையில் அது நிழலில் இருக்கும். ஆகவே வெளியே நின்று நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். கதவு திறக்கும் 9 மணிக்கே உள்ளே போய்விடுங்கள், பேருந்துக் கூட்டம் பத்தரைக்கு மேல்தான் சேரும். முகப்பை மாலையில் பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே போனதும் நடக்காதீர்கள். வெளியிலிருந்து வந்த கண்ணுக்கு இருட்டு பழக நான்கைந்து நிமிடம் ஆகும். பாடகர் மாடத்தின் கீழ் ஓரமாக நின்று கொள்ளுங்கள். 1594 நவம்பர் 24 அன்று அடிக்கல் நாட்டி, 1605 மே மாதம் பேராயர் அலெய்ஷோ த மெனெசெஸ் அர்ச்சித்த கோயில் இது. பக்கத் தாழ்வாரங்கள் இல்லாத ஒற்றை மண்டபம். இயேசு சபையார் இந்த அமைப்பை விரும்பியதற்குக் காரணம் உண்டு. தூண்கள் மறைக்காததால் எங்கே நின்றாலும் பிரசங்கம் கேட்கும், பீடமும் தெரியும்.

பீடத்தைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். அடியில் சிறிய குழந்தை இயேசு, கோயிலின் பெயருக்கு உரியவர் அவர்தான். அவருக்கு மேலே பேருருவாக இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். அவர் பார்வை மேல்நோக்கிப் போகிறது. அந்தப் பார்வையைத் தொடர்ந்தால் கதிர்கள் சூழ்ந்த வட்டத்தில் ஐ.எச்.எஸ். என்ற எழுத்துகள், இயேசுவின் பெயரைக் குறிப்பவை. அதற்கும் மேலே மூவொரு இறைவன். சிலை பார்க்கும் திசையே உங்கள் கண்ணை அடுத்த படிக்கு ஏற்றிவிடுவதுதான் பரோக் கலையின் உத்தி. முறுக்கிய தூண்கள், கொடிகள், பொன் பூச்சு எல்லாம் அந்த ஏற்றத்துக்குத் துணை. பொன்னாகத் தெரிவது முழுக்க மரச் செதுக்கல், அதன் மேல் மெல்லிய பொன் தகடு ஒட்டியிருக்கிறார்கள். மெழுகுவர்த்திப் புகை அதைக் கருக்கிவிடும். வெளியே வாங்கிய மெழுகுவர்த்தியை உள்ளே ஏற்றாமல், அதற்கென ஒதுக்கிய இடத்தில் வையுங்கள்.

மண்டபத்தின் பக்கச் சுவரில் இருக்கும் மரப் பிரசங்க மேடையைப் பலர் கவனிப்பதே இல்லை. அதன் பக்கங்களில் இயேசு, நற்செய்தியாளர் நால்வர், திருச்சபை மறைவல்லுநர் நால்வர். அடியில் மேடையைத் தாங்குவது போல ஏழு உருவங்கள். அதே மண்டபத்தில் தோம் ஜெரோனிமோ மஸ்கரேனியாஸின் நினைவுச் சின்னமும் இருக்கிறது. கொச்சியின் தளபதியாக இருந்து 1593இல் இறந்தவர். இந்தக் கோயிலைக் கட்ட உதவியது அவர் விட்டுச்சென்ற பொருள்.

இப்போது பீடத்துக்கு வலப்புறம், தெற்குச் சிற்றாலயம். சவேரியார் 1542 மே மாதம் கோவாவில் இறங்கி, அதே ஆண்டே முத்துக்குளித்துறைக்குப் போனார். தூத்துக்குடி முதல் மணப்பாடு வரையிலும் அப்பாலும் உள்ள பரதவர் ஊர்களில் அவர் பெயர் இன்றும் வீட்டுக்கு வீடு வழங்குகிறது. 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையோரச் சான்சியன் தீவில் இறந்தார். உடல் மலாக்கா வழியாக 1554இல் கோவா வந்தது, இந்தக் கோயிலுக்கு 1624இல் மாற்றப்பட்டது.

இங்கே பார்க்க வேண்டியவை இரண்டு வெவ்வேறு கைகளின் வேலைகள். மேலே இருக்கும் வெள்ளிப் பேழை கோவா தட்டார்கள் 1636, 1637 ஆண்டுகளில் செய்தது. கீழே இருக்கும் பல நிறப் பளிங்கு மேடை இத்தாலியில் உருவானது. டஸ்கனியின் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ மெடிச்சியின் காணிக்கை அது. புளோரன்ஸ் சிற்பி ஜியோவன்னி பத்திஸ்தா போஜ்ஜினி செய்து அனுப்ப, 1698இல் இங்கே நிறுவினார்கள். மேடையின் நான்கு புறமும் சவேரியாரின் வாழ்விலிருந்து வெண்கலப் புடைப்புக் காட்சிகள். முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல், தடுப்பு அனுமதிக்கும் அளவுக்குப் பக்கவாட்டிலும் நின்று பாருங்கள்.

உடலை அருகில் காணலாம் என்ற எதிர்பார்ப்போடு வருபவர்கள் ஏமாறுகிறார்கள். பொதுத் தரிசனம் பத்தாண்டுக்கு ஒருமுறைதான். கடைசியாக 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை நடந்தது. அப்போது உடலைச் சே பேராலயத்துக்கு எடுத்துச் செல்வார்கள். மற்ற நாட்களில் தொலைநோக்கியில் பேழையின் வேலைப்பாடு தெரியும், அவ்வளவுதான்.

படம் எடுப்பது பற்றி: வாசல் பலகையில் உள்ளதைப் படித்துக் கடைப்பிடியுங்கள். ஆட்கள் நின்று படம் எடுத்துக்கொள்வதை உள்ளே தடுப்பார்கள். மக்கள் முழந்தாளிட்டு வேண்டிக்கொண்டிருக்கும் இடம் இது. பிளாஷ் வேண்டவே வேண்டாம்.

அங்கிருந்து மடத்துக்குள்

வெளியேறும் வழி உங்களை மடத்துப் பக்கம் கொண்டுவிடும். பலர் இங்கே நடையைக் கூட்டுகிறார்கள். நீங்கள் நின்றுவிடுங்கள். கோயிலுக்கு முன்பே, 1589இல் கட்டி முடிந்த இயேசு சபை இல்லம் இது. 1663இல் தீப்பிடித்து, 1783இல் மீண்டும் கட்டப்பட்டது. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் வளைவுகள் கொண்ட தாழ்வாரம், மேலே மாடி. முற்றத்தில் நின்று கோயிலின் பக்கச் சுவரைப் பாருங்கள். உள்ளே பொன்னாக மின்னிய கோயிலின் முதுகு இவ்வளவு எளிமையா என்று தோன்றும். வாழும் இடத்தைச் சுண்ணாம்புச் சுவரோடு விட்டுவிட்டு அலங்காரம் முழுவதையும் பீடத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தச் சபையின் வரலாறு தமிழ் அச்சையும் தொடுகிறது. 1578இல் கொல்லத்தில் அச்சான தமிழ் நூலுக்குப் பயன்பட்ட எழுத்துகளில் ஒரு வகை 1577இல் கோவாவில் வார்த்தது. கோவாவுக்கு அச்சுக்கூடம் வந்தது 1556இல், இயேசு சபையின் புனித பவுல் கல்லூரிக்கு. அந்தக் கல்லூரியில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு வாயில் மட்டும். புனித கஜேத்தான் கோயிலைத் தாண்டிப் போகும் சாலையோரத்தில் நிற்கிறது. தமிழ் வாசகர்கள் அந்த வாயில்வரை போய்வர வேண்டும் என்பது எங்கள் கருத்து.

சாலையைக் கடந்து: சே பேராலயம்

இதன் முகப்பு கிழக்கு நோக்கியது. காலை 11 மணிக்கு முன் போனால் வெள்ளைச் சுவரில் நேர் வெளிச்சம் விழும். 1510 நவம்பர் 25, புனித கத்தரீனாள் திருநாளன்று போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க் கோவாவைப் பிடித்ததால் கோயில் கத்தரீனாள் பெயரில் இருக்கிறது. 1562இல் தொடங்கிய கட்டடப் பணி 1619வரை நீண்டது. ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் வெறுமை. வலப்புறக் கோபுரம் 1776இல் விழுந்தது, பிறகு கட்டவே இல்லை. எஞ்சியதில் 'தங்க மணி' தொங்குகிறது. உள்ளே நுழைவாயில் பக்கம் சவேரியார் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் திருமுழுக்குத் தொட்டியையும், பீடத்தில் கத்தரீனாளின் வாழ்வைச் சொல்லும் பொன் பலகைகளையும் பாருங்கள். இருபது நிமிடம் போதும். பெரிய கோயில்தான், ஆனால் அடுத்த கட்டடத்துக்குத்தான் நேரம் மிச்சப்படுத்த வேண்டும்.

பிரான்சிஸ் அசிசி கோயிலும் மடமும்

சேவுக்குப் பின்னால், மேற்கு நோக்கி. இப்போதுள்ள கோயில் 1661இல் எழுந்தது. ஆனால் வாசலைக் கவனியுங்கள்: சுற்றிலும் வெள்ளைச் சுவர் இருக்க, கதவைச் சுற்றி மட்டும் கருங்கல்லில் முறுக்கிய வேலைப்பாடு. 16ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த பழைய கோயிலின் நிலை அது. கோயிலைப் புதிதாகக் கட்டியவர்கள் வாசலை மட்டும் இடிக்க மனமில்லாமல் காப்பாற்றிவிட்டார்கள். முகப்பு மாடத்தில் இருக்கும் புதுமை மாதா சிலை யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது என்பார்கள். ஈழத்து வாசகர்கள் தொலைநோக்கியை அங்கே ஒருமுறை திருப்பலாம்.

உள்ளே தலையை நிமிர்த்தும் முன் தரையைப் பாருங்கள். தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளின் குடும்பச் சின்னங்களும் எழுத்துகளும் செதுக்கியவை. மிதிபட்டு மிதிபட்டுச் சில மழுங்கிவிட்டன. செதுக்கல் ஆழமாக இருக்கும் கற்களைச் சுற்றிப் போவது நல்லது. எழுத்தைப் படிக்க நேர் மேலே நின்று பயனில்லை. சாய்ந்த வெளிச்சம் விழும் பக்கத்துக்கு எதிரே நில்லுங்கள், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தெளிவாகும்.

சுவர்களில் பூ வேலைப்பாட்டு ஓவியங்கள், பீடத்தின் அருகே பிரான்சிஸின் வாழ்வைச் சொல்லும் மரப் பலகை ஓவியங்கள். பீடத்தில் சிலுவையில் இயேசு, அருகில் பிரான்சிஸ். ஒப்பனை நிறைந்த இந்தப் பீடத்தின் அடியில் எழுதியிருப்பவை ஏழ்மை, தாழ்ச்சி, கீழ்ப்படிதல் ஆகிய உறுதிமொழிகள்.

அதை ஒட்டிய மடம் 1964 முதல் அருங்காட்சியகம். இங்கே குறைந்தது ஒரு மணி நேரம் கொடுங்கள். முதலில் காட்சிப் பொருட்களை விட்டுவிட்டு முற்றத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள். எந்தக் கதவு கோயிலுக்குள் போகும், எது படிக்கட்டு, எந்தத் தாழ்வாரத்தில் காற்று வருகிறது என்று பார்த்தால் துறவிகளின் நாள் எப்படி நகர்ந்திருக்கும் என்பது பிடிபடும். பிறகு பொருட்கள்: கோவாவின் பழைய இந்துக் கோயில்களின் சிற்பங்கள், நடுகற்கள், சதிக்கற்கள், மாடியில் போர்ச்சுகீசிய ஆளுநர்களின் ஓவிய வரிசை, அல்புகெர்க், கவிஞர் கமோயிஷ் இருவரின் வெண்கலச் சிலைகள். நடுகற்களில் கப்பல் போர்க் காட்சி செதுக்கியவற்றைத் தேடிப் பாருங்கள். நம் பக்கத்து நடுகற்களில் ஆநிரை மீட்பைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அவை புது அனுபவம்.

பிற்பகல்: குன்றின் மேல்

சாப்பாட்டை ஒரு மணிக்குள் முடித்துவிட்டு இரண்டரை மணிக்கு மேல் ஏறுங்கள், அதற்கு முன் நிழலே இருக்காது. போம் ஜேசுவிலிருந்து மேற்கே பத்து நிமிட நடை. முதலில் 46 மீட்டர் உயர ஒற்றைக் கோபுரச் சுவர் தெரியும். புனித அகுஸ்தீன் மடத்துக் கோயில், 1602இல் முடிந்தது. 1830களில் போர்ச்சுகீசிய அரசு துறவு சபைகளைக் கலைத்ததும் பராமரிக்க ஆளில்லாமல் போயிற்று. 1842இல் கூரை வளைவு இடிந்தது, 1931இல் முகப்பும் கோபுரத்தின் ஒரு பகுதியும் சரிந்தன. கீழே பார்த்த மடங்கள் எப்படிப் பிழைத்தன என்பதை இங்கேதான் புரிந்துகொள்ள முடியும். ஏதோ ஒரு பயன்பாட்டில் இருந்தவை நின்றன, கைவிடப்பட்டது விழுந்தது. ஜார்ஜியாவின் அரசி கெத்தவானின் எலும்புகள் இந்த இடிபாட்டில் கிடைத்தன, மரபணு ஆய்வுக்குப் பின் அவற்றில் ஒரு பகுதி 2021இல் அவர் நாட்டுக்கு அனுப்பப்பட்டது. சுவர்களின் மேல் ஏறாதீர்கள். சாந்து உதிர்ந்த செம்புரைக்கல் காலடியில் பெயர்ந்துவிடும்.

எதிரே புனித மோனிக்கா கன்னியர் மடம். 1606இல் தொடங்கி 1627இல் முடித்து, 1636இல் தீக்கிரையாகி மீண்டும் கட்டியது. கடைசித் துறவி 1885இல் இறந்தார். சுவரைத் தாங்கும் பெரிய முட்டுச் சுவர்களை வெளியிலிருந்து பாருங்கள். உள்ளே கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. தந்தத்திலும் மரத்திலும் இந்தியக் கைவினைஞர்கள் செய்த திருவுருவங்கள் அங்கே உண்டு. திறக்கும் நாளையும் நேரத்தையும் முன்பே விசாரித்துவிட்டு ஏறுங்கள்.

நான்கரை மணிக்கு மீண்டும் போம் ஜேசு முகப்பு

இப்போது மேற்கு வெயில் நேராக அடிக்கும். இரண்டு கற்களைப் பிரித்துப் பாருங்கள். சிவந்து துளைகளோடு இருப்பது உள்ளூர்ச் செம்புரைக்கல். தூண்களும் செதுக்கல்களும் மும்பைக்கு வடக்கே உள்ள வசாய் ஊரிலிருந்து கொண்டுவந்த கரிய எரிமலைக்கல். செம்புரைக்கல்லில் நுண்ணிய செதுக்கல் நிற்காது, அதனால்தான் இந்தப் பங்கீடு. அந்தக் கல் மழையைக் குடிக்கும் என்பதால் கட்டியவர்கள் மேலே சுண்ணாம்புப் பூச்சு கொடுத்திருந்தார்கள். 1950களில் பழமைத் தோற்றம் வேண்டும் என்று அதை உரித்துவிட்டார்கள். பலரும் அழகு என்று படம் எடுக்கும் அந்தச் சிவப்பு, உண்மையில் தோல் உரிந்த சுவர். அன்று முதல் ஒவ்வொரு மழைக்காலமும் கல்லைத் தின்கிறது. திரும்பப் பூச வேண்டும் என்ற வாதம் தொடர்கிறது, அந்த வாதம் சரியென்றே நாங்கள் நினைக்கிறோம். கல்லைத் தொட்டுத் தேய்த்துப் பார்க்காதீர்கள், விரலோடு பொடி வரும்.

திருவிழாக் காலத்தில் வருபவர்களுக்கு

டிசம்பர் 3 சவேரியார் திருவிழா, நவம்பர் 24 முதல் நவநாள் என்னும் ஒன்பது நாள் வேண்டுதல். அந்த நாட்களில் மேலே சொன்ன வரிசை எதுவும் நடக்காது. திருப்பலிகள் வெளியே பந்தலில், சாலைகள் அடைப்பு, பேழை முன் நீண்ட வரிசை. வேண்டுதலுக்காக வருபவர்கள் விடியற்காலைத் திருப்பலிக்கு முன்பே சேர்ந்துவிடுங்கள். வண்டியில் வந்தால் தொலைவிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும், முதியவர்களுடன் வருபவர்கள் அதற்கேற்ப நேரம் வையுங்கள். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முதலிலேயே பேசிவையுங்கள். காந்தி வட்டம் வேண்டாம், அங்கேதான் நெரிசல் அதிகம். சேயின் முகப்புப் புல்வெளி நல்ல அடையாளம். கடைவீதியில் கடலைமாவும் வெல்லமும் இஞ்சியும் எள்ளும் சேர்த்த 'காஜே' கிடைக்கும். வாங்கி வைத்தால் ஊர் வரும்வரை கெடாது.